சூறாவளி ராசாத்தியும் தகரக் கிரீடமும்

எங்கள் தெருவில் முதலில் டிவி வாங்கியவர் முட்டை வியாபாரிதான். அவர் வீட்டு மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்புவதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைக்கலாம் என்று அப்பா கேலி செய்வார். எப்படித் திருப்பினாலும் தெரிவது பாதி மனிதர், பாதி தூறல். அந்தத் தூறலைப் பார்க்கவும் தெருவே திரண்டதால் ஒருநாள் எங்களுக்கு உட்கார இடமில்லாமல் போய்விட்டது. அழுதுகொண்டே திரும்பிய என்னைப் பார்த்து, "அதென்ன பெரிய டிவி? நாமளே ஒண்ணு வெச்சுக்கலாம் சாமி" என்றாள் அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, டீச்சர் ட்ரெயினிங்குக்கு எழுதிப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். காமிக்ஸ் கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு. அப்பாவுக்கு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. அங்கே முன்கண்ணாடி மாட்டாத ஒரு கேபின் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடி இருக்கவேண்டிய அந்தப் பெரிய ஓட்டைதான் எங்கள் டிவி திரை. ஆன்டெனா தேவைப்படாத டிவி, தூறலும் கிடையாது.

வாரா வாரம் தொடராகப் போடுவதற்கு அத்தை எடுத்துக்கொண்ட கதை, காமிக்ஸில் வந்த சூறாவளி ரோஸி. வெள்ளைக்காரப் பெண். காற்றில் பறந்து போய்க் கெட்டவர்களைப் பிடரியில் உதைப்பவள். கதாநாயகி நான். மற்ற வேடங்களுக்குத் தெருப் பிள்ளைகள். ரோஸி என்ற பெயர் எங்கள் தெரு வாயில் நுழையாது என்று அத்தை ராசாத்தி என்று மாற்றினாள். அதோடு நின்றிருந்தால் வம்பில்லை.

ரோஸியின் உடை முழங்காலுக்கு ஒரு சாண் மேலேயே முடிந்துவிடும். அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மிணி, புள்ளைய இப்படி நிறுத்துனா நாளைக்கு ஊரு என்ன பேசும்?" என்று அத்தையைக் கேட்டாள். ஆகவே கணுக்கால் வரை மஞ்சள் பாவாடை. ரோஸியின் முகமூடி வியர்வையில் வழுக்கி வழுக்கி விழுந்ததால் அதற்குப் பதில் முகம் நிறைய மஞ்சள். தங்க நிறக் கூந்தலுக்கு வழியில்லை, இருந்த கூந்தலை அவிழ்த்துவிட்டோம். ரோஸியின் கையில் மின்னல் கக்கும் துப்பாக்கி இருக்கும். எங்களுக்குக் கிடைத்தது வைக்கோல் அள்ளும், மூன்று பல் வைத்த முள்கரண்டி. நெற்றியில் அவள் அணியும் நட்சத்திரக் கிரீடத்தை மட்டும் அப்பா செய்து கொடுத்தார். நூலால் என் தலையைச் சுற்றி அளவெடுத்து, மிச்சத் தகரத்தில் வெட்டி, விளிம்பு கீறாமல் இருக்க அரம் போட்டு, தலையில் வைத்துப் பார்த்து, "சரியாப் போச்சு போ" என்றார். சிரிக்காத மனிதர். அன்று சிரித்தார்.

ஒவ்வொரு மாற்றமும் நியாயமான மாற்றம்தான். எல்லாம் சேர்ந்து என்னவாகிறது என்பதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

இதற்கிடையில் அத்தைக்கு ட்ரெயினிங்கில் இடம் கிடைத்துவிட்டது. அதே வாரத்தில் திருச்செங்கோட்டிலிருந்து சம்பந்தமும் வந்தது. போர்வெல் போடும் ரிக் லாரி வைத்திருக்கும் குடும்பம். எங்கள் டிவியாக நின்ற கேபினே அவர்களுடையதுதான். நல்ல இடம் என்று அப்பா யோசிக்காமல் வாக்குக் கொடுத்துவிட்டார். பிறகுதான் மாப்பிள்ளையின் தாயார், "படிப்பெல்லாம் என்னத்துக்குங்க? எங்கூட்டுல சோறாக்க ஆள் வேணும்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அத்தை இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தாள். அப்பா பட்டறையிலேயே நேரத்தைக் கழித்தார். கொடுத்த வாக்கை விழுங்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

மிச்சமிருந்தது பூக் கேட்பது. எங்கள் பக்கத்தில் சாமியிடம் பூக் கேட்காமல் கிணறுகூட வெட்டமாட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சன்னதியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். நினைத்த பூ வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம். அதற்கு நாள் சொல்லிப் போக, ஒரு ஞாயிறு பொழுதுசாயும் நேரத்தில் மாப்பிள்ளையின் தாயார் முன்னறிவிப்பில்லாமல் வந்து இறங்கினார். வீட்டு வாசலில் யாரும் இல்லாததால் பேச்சுச் சத்தம் கேட்ட பட்டறைப் பக்கம் நடந்தார்.

கொசுவுக்காக அன்று வேப்பிலை மூட்டம் போட்டிருந்தோம். ஒரு விஞ்ஞானியின் மகளை வில்லன் குகையில் அடைத்து வைத்திருக்கிறான், ராசாத்தி வந்து மிரட்டவேண்டும். கேபினுக்குள்ளிருந்து நான் எழுந்து நின்றேன். புகை விலகியது. மஞ்சள் முகம், விரிந்த கூந்தல், கையில் முள்கரண்டி, தலையில் மின்னும் கிரீடம்.

"அவளை விடு! அவள் போகும் வழியில் யாரும் குறுக்கே நிற்கக் கூடாது!" என்று கத்தினேன்.

"ஐயோ மாரியாத்தா!" என்று ஓர் அலறல். மாப்பிள்ளையின் தாயார் மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தாயே, யாரச் சொல்றே? எங்கூட்டுக்கு வரப்போறவளையா?"

வில்லனாக நின்ற பையன் ஓடிவிட்டான். எனக்கு அடுத்த வசனம் மறந்துபோயிற்று. வசனம் எடுத்துக் கொடுக்கக் கேபினுக்குப் பின்னால் குனிந்திருந்த அத்தையைப் பார்த்தேன். அவள் கண்கள் கலங்கியிருந்தன. "அதையே இன்னொருக்காச் சொல்லு சாமி" என்று முணுமுணுத்தாள்.

அதையே சொன்னேன். சத்தம் கேட்டு அப்பா பட்டறை வாசலில் வந்து நின்றார். விழுந்து கிடந்தவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேபினுக்குப் பின்னால் தெரிந்த அத்தையின் சேலைத் தலைப்பைப் பார்த்தார். செத்தேன் என்று நினைத்தேன். அவரோ செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து கைகூப்பினார்.

"இந்தச் சம்பந்தம் வேண்டாங்கறயா ஆத்தா?"

பயத்தில் நான் எதற்கும் தலையாட்டும் நிலையில் இருந்தேன். ஆட்டினேன். அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக் கற்பூரம் கொண்டுவரச் சொன்னார். மாப்பிள்ளையின் தாயார் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தாளே வந்து சொன்னதுக்கப்புறம் பூ எதுக்குங்க தம்பி? நம்ம கையில என்ன இருக்குது?" என்றார். மனக்கசப்பு ஏதுமில்லாமல் காப்பி குடித்துவிட்டுப் போனார். அவர்கள் லாரிக்கு அப்பாதான் பாடி கட்டி முடித்துக் கொடுத்தார்.

அன்று அத்தை இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். ட்ரெயினிங் ஹாஸ்டலுக்கு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போய் விட்டுவிட்டு வந்தவர் அப்பாதான்.

எனக்கோ வேறு கவலை. மாரியம்மனாக நடித்தால் சும்மா விடுவாளா? வாரம் முழுக்கக் குளிக்கும்போதெல்லாம் உடம்பில் அம்மைக் கொப்புளம் தேடினேன். ஒன்றும் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. அப்பாவை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. அத்தனை பெரிய மனிதர், பட்டறையையே கட்டி ஆள்பவர், இப்படி ஏமாந்துவிட்டாரே என்று மனம் அடித்துக்கொண்டது. உண்மையைச் சொன்னால் மனசு உடைந்துபோவார் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. கிரீடத்தை அவரே பூஜை அலமாரியில் எடுத்து வைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் அதற்குக் குங்குமம் வைக்கும்போது அவர் உதடு லேசாகத் துடிக்கும். பக்தி என்று நினைத்துக்கொள்வேன்.

அது அவர் கையால் வெட்டி, அரம் போட்டு, என் தலையில் வைத்துச் சரிபார்த்த தகரம் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.