கீறல் விழாத சுவர்

“சுவத்துல ஒரு கீறல் விழாம, குளியலறைத் தரைய மட்டும் மாத்தித் தரேன்” என்று மார்தட்டியவர் டைல்ஸ் மேஸ்திரி. சுவரின் அடிவரிசை டைல்ஸைப் பெயர்த்தால்தான் தண்ணீர் வடிய வாட்டம் கிடைக்கும் என்பது பாதி வேலையில் தெரிந்தது. விட்ட சவடாலைக் காப்பாற்ற, கண்டும் காணாததுபோல் ஒட்டி முடித்தார்.

ஆறு மாதம் கழித்துச் சமையலறை வேலைக்கு அதே வீட்டுக்கு வந்தவர், கை கழுவக் குளியலறைக்குப் போனார். மூலையில் தண்ணீர் குளம் கட்டி நின்றது. பக்கத்தில் ரப்பர் தேய்ந்த வைப்பர்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா?”

“இதுக்குப் போயா? குளிச்சதும் தள்ளி விட்டுடுவேன்” என்ற வீட்டுக்காரம்மா, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். “மேஸ்திரி வேலைய வந்து பாரு. சுவத்துல ஒரு கீறல் இருக்கா?”

மேஸ்திரி தலை நிமிராமல் வைப்பரை எடுத்தார். தள்ளத் தள்ளத் தண்ணீர் அவர் காலடிக்கே திரும்பி வந்தது.