முப்பது அடி ஈரமண்

டென்சில் இருபத்து மூன்று வருடங்களாக வெறும் மண்ணில் கால் வைக்கவில்லை. பெங்களூரு மர்பி டவுன் வீட்டு வாசலில் சிமெண்ட் பூசியாயிற்று. வேலை, ஓர் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வண்டிகளைச் சோதிக்கும் செக்யூரிட்டி. மகள் அன்னாவின் பள்ளி விளையாட்டு விழாக்களில் மைதானத்துக்கு வெளியே படிக்கட்டில் நின்று கைதட்டியதோடு சரி. மனைவி மௌரீன் ரோஜாக்களை மொட்டை மாடியில் பெயிண்ட் டப்பாக்களில் வளர்த்தாள். யாராவது கேட்டால், "கீழ வெச்சா பாம்பு வரும்" என்பாள்.

உண்மைக் காரணத்தைச் சாகும் முன்தான் அன்னாவிடம் சொன்னாள். 2002. மேற்கு எல்லையில் போருக்கென்று புதைத்த கண்ணிவெடிகளை, போர் வராமல் போனதால் திரும்ப எடுத்தார்கள். அப்போது ராணுவத்தில் இருந்த டென்சில் மண்டியிட்டு, கம்பியைச் சாய்த்துக் குத்திக் குத்தி ஒரு பாதையைச் சோதித்தார். "கிளியர்" என்று குரல் கொடுத்தார். அந்தக் குரலை நம்பி நடந்தவர்களில் ஒருவர் பெருமாள்சாமி. அவர் வைத்த ஆறாவது அடியில் வெடித்தது.

மணலோடு வெடியும் நகரும், டென்சில் மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். அந்தத் தாளை அவர் படிக்கவில்லை. "கிளியர்" என்ற சொல்லையும் அதன்பின் சொல்லவில்லை. சோதித்த வண்டிகளுக்குத் தலையை மட்டும் ஆட்டுவார்.

அன்னா ஹெப்பகோடியில் பம்பு ஆலையில் சோதனைப் பொறியாளர். அவள் கையெழுத்தில்லாமல் ஒரு பம்பும் வெளியே போகாது. அம்மா சொன்னதைக் கேட்ட மறுநாள் கையெழுத்துப் போட உட்கார்ந்தவளுக்குக் கை ஓடவில்லை.

மௌரீனின் அடக்கத்தன்று, கல்லறைத் தோட்டத்தில் சிமெண்ட் நடைபாதை முடிந்த இடத்தில் டென்சில் நின்றுவிட்டார். குழி முப்பது அடி தள்ளி. நடுவே ஈரச் செம்மண். பெட்டியை இறக்கியாயிற்று.

"ஏன் மாப்ளே, கட்டுனவளுக்கு ஒரு பிடி மண்ணு போட வரமாட்டியா? ஷூ அழுக்காயிடுமா?" என்றார் மௌரீனின் அண்ணன் அமல். "இத்தன பேரு நடந்து வந்த எடம்தானே?"

"பெருமாள்சாமிக்கு முன்னாடியும் ரெண்டு பேரு நடந்தாங்க" என்றார் டென்சில்.

அமலுக்குப் புரியவில்லை. குழி வெட்டிய முனிராஜ் வானத்தைப் பார்த்தார். "மழ வருது சார். மூடலன்னா தண்ணி ரொம்பிடும்."

அன்னா அப்பாவின் கையைப் பிடித்தாள். "டாடி, நான் முன்னாடி போறேன். நான் வெச்ச எடத்துலயே காலு வைங்க."

ஒரு காலை எடுத்து வைக்கப் போனாள்.

"நில்லு!" என்று கத்தினார் டென்சில்.

பாதிரியார் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டார்.

டென்சில் அவளுடைய குடையை வாங்கினார். மண்ணில் மண்டியிட்டார். குடை நுனியைச் சாய்த்து, சாண் சாணாகக் குத்திப் பார்த்து, விரலால் தடவி முன்னேறினார். ஒரு பழைய மெழுகுவத்தித் துண்டு அகப்பட்டது. இரண்டு கையாலும் எடுத்து ஓரமாக வைத்தார். மழை பிடித்துக்கொண்டது. முனிராஜ் குழி மேல் தார்ப்பாய் இழுத்தார். யாரும் போகவில்லை. பாதி வழியில் அமல் வந்து அவர் தலைக்கு மேல் குடை பிடித்தார்.

நாற்பது நிமிடம். குழி விளிம்பில் டென்சில் எழுந்தார். கை நிறைய மண். போடவில்லை. சிமெண்டில் நின்றிருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"கிளியர்" என்றார். "வா பாப்பா."

அன்னா நடந்தாள். அவர் அவள் கால்களையே பார்த்திருந்தார். ஆறாவது அடிக்குக் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது அவள் பக்கத்தில் இருந்தாள். இருவருமாக மண் போட்டார்கள்.