பெரகல சந்தியில் நின்ற வேன்

நஸீர் நானா மௌத்தான செய்தி வந்தபோது நான் ஆய்வுகூடத்தில் ஒருவரை ஏசிக்கொண்டிருந்தேன். உறைபெட்டியின் கதவை ஒழுங்காக மூடாமல் போயிருந்தார் ஒரு சக ஊழியர். அந்த நேரம் பார்த்து நானாவின் மகள் ரிஸ்னா அழைத்தாள். "மிஸ், வாப்பா போயிட்டாங்க. லுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கம். வாறதுன்னா கெதியா வாங்க" என்றாள். ஏசிய வாய் அப்படியே நின்றுவிட்டது. ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தவரே எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

பதுளையில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெண்களோடு உள்ளே உட்கார்ந்தேன். நானாவின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார்: "இவங்கதான் சாந்தி மிஸ். பெரகல சந்தியில வேன நிப்பாட்டித் திருப்பச் சொன்னவங்க. அவர் எந்த நாளும் இந்தக் கதையத்தான் சொல்லுவார்." நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். மையித்து வீட்டில் எதைப் பேசுவது? ஆனால் அன்றிலிருந்து மனது அறுக்கிறது. நானாவைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் அந்தப் பெரகல கதை தெரியும். உங்களுக்குத் தெரிந்த கதை பிழை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து வருகிறேன். நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள், ஆய்வுகூடத்தில் தொழில்நுட்பவியலாளர். சில வருடங்களுக்கு முன் ஊவாவில் ஓர் ஆய்வு நடந்தது. நம் குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. நாம் சாப்பிடுவதில்தான் அவற்றுக்கும் சாப்பாடு. பரம்பரை உணவு மாறும்போது அவை எப்படி மாறுகின்றன, அதற்கும் சீனி வருத்தம், பிரஷர் போன்ற தீராத நோய்களுக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்பதுதான் நோக்கம். மகியங்கனைப் பக்கம் ஓர் ஆதிவாசிக் கிராமம், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், இரண்டிலும் மாதிரி எடுத்தோம். மாதிரி என்றால் மலம். எத்தனை மரியாதையாகச் சொன்னாலும் அதுதான். போத்தல்களைக் கொடுத்து வாங்கிப் பெயர் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொழும்புக்குக் கொண்டுபோவது என் வேலை. வேன் ஓட்டுவது நானாவின் வேலை.

முதல் நாளே பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு படிச்சிட்டு இதுக்கா வந்தீங்க மிஸ்?" என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! நுண்ணுயிர், நார்ச்சத்து, இன்சுலின் என்று பதுளையிலிருந்து மகியங்கனை வரைக்கும் ஒரே மூச்சில் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப சரி. வயித்துக்குள்ள குடியிருக்கிறவங்களுக்கு நாம என்ன சாப்பாடு போடுறோம்னு பாக்கப் போறீங்க" என்றார். பிறகு போன இடமெல்லாம் அந்த ஒரே வரியைச் சொல்லித்தான் ஆட்களைச் சம்மதிக்க வைத்தோம். என்னுடைய விளக்கத்தை யாரும் கேட்கவில்லை.

ஆதிவாசிக் கிராமத்தில் எங்களோடு பேசியவருக்குக் காலில் இரண்டு விரல்கள் இல்லை. சீனி வருத்தத்தில் போனவை. அவர் சிங்களத்தில் பேசப் பேச நானா தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். தகப்பன் காலத்தில் காட்டுக் கிழங்கு, குரக்கன், தேன், வேட்டை இறைச்சி. இப்போது காட்டுக்குள் போனால் பிடிக்கிறார்கள். கடைக்குப் போனால் பாணும் சீனியும் கிடைக்கின்றன. "எங்களுக்குக் காட்டை மூடிவிட்டுக் கடையைத் திறந்தார்கள். இப்போது வந்து வயிற்றைக் காட்டு என்கிறார்கள். காட்டுகிறோம். பார்த்ததை உள்ளபடி சொல்லுங்கள், அது போதும்" என்றார் அவர். நானாவுக்கும் சீனி வருத்தம் இருந்தது. மாத்திரையைச் சீனி போட்ட பிளேன்டீயில் விழுங்குகிற ஆள் அவர். அடுத்த வாரமே வீட்டில் குரக்கன் ரொட்டி கேட்டுச் சண்டை பிடித்ததாக ரிஸ்னா சொன்னாள்.

தோட்டத்தில் சங்கடம் வேறு மாதிரி. போத்தலை வாங்கிக்கொள்வார்கள், திருப்பித் தரமாட்டார்கள். வெட்கம். வேலையால் வந்த பெண்கள் முந்தானையில் போத்தலை மறைத்துக்கொண்டு எங்களைக் கண்டதும் ஒதுங்கிப் போனார்கள். நான் பொறுமை இழந்து கத்தத் தொடங்கியிருந்தேன். நானா பெட்டியிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு லயத்துக் கக்கூசுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் போத்தலை உயர்த்திப் பிடித்தபடி லயத்து வாசல் வழியே வந்தார். "நஸீர்னு பேர் எழுதுங்க மிஸ். எல்லாருக்கும் சேத்து நான் வெட்கப்பட்டாச்சு. இனி யாரும் வெட்கப்படத் தேவையில்ல" என்றார். அடேயப்பா, அந்த லயம் சிரித்த சிரிப்பு! ஒரு போத்தல் வீணாகிவிட்டதே என்று முணுமுணுத்தவள் நான் ஒருத்திதான். திங்கட்கிழமை காலையில் எல்லோரும் தருவதாக முடிவாயிற்று. சொன்னபடி அத்தனை பேரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுத்ததில் முக்கால்வாசி தண்ணீராக இருந்தது. தண்ணீர் சரியில்லை, சாப்பாடு சரியில்லை, எங்கள் ஆட்களின் வயிறு இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு பெட்டியை மூடினேன். அப்படியொரு லயத்தில் பிறந்த நானே அப்படி நினைத்தேன்.

கொழும்புக்குப் போகும் வழியில் பெரகல சந்தியில் தேநீருக்கு நிறுத்தினோம். அதற்கப்புறம் இறக்கம்தான், பலாங்கொடை வரைக்கும் நிற்கமாட்டோம். நானா சாதாரணமாகச் சொன்னார்: "நல்ல வேலை செஞ்சீங்க மிஸ், எல்லாரையும் பேதிக்குக் குடிக்கச் சொல்லி. நேத்து முழுக்க லயத்துல ஒருத்தரும் எந்திரிக்கல்லயாம்." நான் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. ஆனால் எப்படி மறந்தேன்? வயிற்றுக்கு ஏதாவது பார்க்கப் போகிறார்கள் என்றால் முதல்நாள் பேதிக்குக் குடிப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். என் அம்மாவே எனக்கு மூக்கைப் பிடித்து ஊற்றியிருக்கிறார். டாக்டர் வயிற்றைப் பார்க்கப் போகிறார் என்று, மரியாதைக்கு, வயிற்றைக் கழுவி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்! நாங்கள் தேடிப்போன நுண்ணுயிர்கள் பேதியோடு போய்விட்டன. அந்தப் பெட்டியில் இருந்தது ஒன்றுக்கும் உதவாது.

இதுவரைக்கும் உங்களுக்குத் தெரியும். தெரியாதது இனித்தான்.

அந்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. போன தடவை ஐஸ் உருகி மாதிரிகள் கெட்டதற்கு, இன்னொரு பிழை நடந்தால் புதுப்பிக்கமாட்டேன் என்று ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியை சொல்லியிருந்தார். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். நான் நானாவிடம் சொன்னேன்: "யாருக்கும் தெரியாது. வேன எடுங்க, போவோம்."

அவர் அசையவில்லை. வேனின் திறப்பை எடுத்து மேசையில் என் முன்னால் வைத்தார். "நான் டிரைவர் மிஸ். எங்க போகச் சொன்னாலும் போவேன். ஒண்டு மட்டும் சொல்லுங்க. இதப் பாத்துட்டு, தோட்டத்து ஆளுங்கட வயித்துல ஒண்டுமே இல்லன்னு எழுதுவாங்க. அது பிழைன்னு சொல்ல அந்த ஆளுங்களுக்கு அந்தக் கடதாசி கிடைக்குமா?"

நான் ஏசினேன். உங்களுக்கென்ன, நிரந்தர வேலை, என் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்த்தீர்களா, உபதேசம் செய்ய வந்துவிட்டீர்கள் என்றெல்லாம் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஏசினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "ஏசுங்க மிஸ். ஏசி முடிஞ்சதும் எந்தப் பக்கம்னு சொல்லுங்க" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அழுதேன். அப்போது அவர் தன் கைத்தொலைபேசியில் பேராசிரியையை அழைத்தார். "மேடம், ஒரு பிழை நடந்திருக்கு. ஆளுங்க பேதிக்குக் குடிச்சிட்டுக் குடுத்திருக்காங்க. சாந்தி மிஸ் இப்பதான் கண்டுபிடிச்சா. இத அனுப்பக்கூடாதுன்னு வேன நிப்பாட்டச் சொல்லிட்டா. பக்கத்துலதான் அழுதுக்கிட்டு இருக்கா" என்றார்.

பேராசிரியை முதலில் ஏசினார். பிறகு என்னிடம் கொடுக்கச் சொல்லி, இந்த நேர்மைதான் ஆய்வுக்கு வேண்டியது என்றார். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதற்குப் பின் நடந்த எல்லாக் கூட்டங்களிலும் பெரகல சந்தியில் வேனை நிறுத்திய பெண் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். நான் ஒருமுறைகூட மறுக்கவில்லை.

வயிறு பழைய நிலைக்கு வரட்டும் என்று சில வாரங்கள் காத்திருந்து மறுபடி போனோம். பேதிக்குக் குடித்தது பிழை என்றதும் ராசம்மா என்ற கொழுந்தெடுக்கும் பெண் சீறினார்: "அழுக்கு வயித்த எப்படிங்க டாக்டரம்மாகிட்டக் காட்டுறது? குளிக்காம கோயிலுக்குப் போவோமா?" நானா சொன்னார்: "கோயிலுக்குக் குளிச்சிட்டுப் போங்க அக்கா. இவங்களுக்கு வேண்டியது, மலையில கொழுந்தெடுத்துட்டு அப்படியே வாற ஆள." ராசம்மா யோசித்துவிட்டு, "அப்படின்னா முன்னாடியே சொல்றதுக்கென்ன" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நியாயமான கேள்வி.

சாப்பாட்டுப் படிவத்திலும் அப்படித்தான். எல்லோரும் சோறும் மீன்கறியும் என்று விருந்தாளிக்குச் சொல்வது போலச் சொன்னார்கள். நானா, தான் காலையில் தின்ற பழைய ரொட்டியையும் சம்பலையும் முதலில் எழுதச் சொன்னார். பிறகுதான் உண்மை வந்தது: கோதுமை மா ரொட்டி, சீனித் தேத்தண்ணி, தோட்டத்து ஓரத்தில் பறித்த கீரை, சில வீடுகளில் இன்னும் விடாமல் காய்ச்சும் குரக்கன் கஞ்சி. கடைசியில் அந்த வயிறுகள், முதல் பெட்டி காட்டியிருக்கக்கூடிய வெறும் வயிறுகளாக இருக்கவில்லை. கீரையும் குரக்கனும் விடாத வீடுகளில், வயிற்றுக்குள் குடியிருந்தவர்கள் ஏராளம். அறிக்கையில் அது உள்ளபடி எழுதப்பட்டது. ஊருக்கே அதை வாசித்துச் சொல்ல வேண்டும் என்று என்னைத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனவரும் நானாதான்.

சீனி வருத்தம் கடைசியில் அவருடைய சிறுநீரகத்தில் கை வைத்தது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போயிருந்தபோது ஒருநாள் கேட்டே விட்டேன்: "நானா, அன்னிக்கு ஏன் எனக்காகப் பொய் சொன்னீங்க?" அவர் முகத்தில் பழைய குறும்பு வந்தது. "பொய்யா? இன்னும் ஒரு நிமிசம் போயிருந்தா நீங்களே சொல்லியிருப்பீங்க மிஸ். நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்."

நான் சொல்லியிருக்கமாட்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேனை எடுங்கள் என்றுதான் மறுபடி சொல்லியிருப்பேன். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். தோட்டத்து ஆட்களைப் பற்றி ஒரு பொய் வெளியே போகக் கூடாது என்று பிடிவாதமாக நின்ற மனிதர், என்னைப் பற்றி ஒரு பொய் சொன்னார், என்னைவிட நல்ல ஒருத்தியைக் காட்டி. அவள் பெயரில் எனக்கு வேலை கிடைத்தது. அவள் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் அன்றிலிருந்து இன்றுவரை ஒரு போத்தலையும் மறைக்காமல், ஒரு படிவத்தையும் திருத்தாமல் இருக்கிறேன். நானாவிடமிருந்து என்னிடம் இருப்பது அவள்தான். அவளை நான் வைத்துக்கொள்கிறேன். பெயரை மட்டும் திருப்பித் தருகிறேன்.

ரிஸ்னா, இதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டு. அன்றைக்கு வேனை நிறுத்தியது உன் வாப்பா.