படகில் இரண்டு சீட்டுகள்

கப்பலின் விலாவில் எழுதியிருக்கும் எண்களை வாசிப்பது என் வேலை. நிலக்கரிக் கப்பல் தூத்துக்குடியில் துறை பிடித்ததும், சரக்கு இறக்குவதற்கு முன் ஒரு முறையும் இறக்கிய பின் ஒரு முறையும் சிறிய படகில் அதைச் சுற்றி வந்து, நீர்மட்டம் எந்த எண்ணில் நிற்கிறது என்று குறிக்க வேண்டும். முன்னால், நடுவில், பின்னால் என்று இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு இடங்கள். கப்பல் எவ்வளவு எழும்பியது என்பதை வைத்துத்தான் எவ்வளவு நிலக்கரி இறங்கியது என்று முடிவு செய்வார்கள். தண்ணீரோ ஒரு நொடியும் நிற்காது. பெரிய அலை மூன்று, சிறிய அலை மூன்று பார்த்து, நடுவில் ஓர் எண்ணை மீட்டர், சென்டிமீட்டர் கணக்கில் சொல்ல வேண்டும். ஒரு சென்டிமீட்டர் பிசகினால் பல லாரி நிலக்கரி பிசகிவிடும்.

நான்கு வருடங்களாக என்னோடு படகில் வந்தவர் ஒரே உதவியாளர். கடற்கரை ஊர்க்காரர், முப்பத்தெட்டு வயது. நான் எண்ணைச் சொல்வேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதிக்கொள்வார். காது தவறாக வாங்கிவிடக் கூடாது என்பதற்காக எங்கள் தொழிலில் உள்ள வழக்கம் அது. அவர் எழுத்து சுத்தமாக இருக்கும். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. நல்ல ஆளை உருவாக்கி வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

தனியாகக் கப்பலுக்குப் போக அவருக்குச் சான்று வேண்டும். அது கிடைக்காவிட்டால் கடைசிவரை உதவியாளர்தான். கம்பெனியின் சென்னை அலுவலகத்திலிருந்து மூத்த சர்வேயர் ஒருவர் சோதிக்க வந்தார். ஒரு காலை நேரம், நாங்கள் மூவரும் படகில் இருந்தோம். படகோட்டி என்ஜினை நிறுத்திவிட்டு, கப்பலின் நடுப்பகுதிக்கு எதிரே படகைப் பிடித்து நிறுத்தினார்.

உதவியாளர் பார்த்தார். "பதினொண்ணு நாப்பத்தாறு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

நான் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினேன், அவ்வளவுதான்.

"நாப்பத்தி நாலா இருக்கும் சார்" என்றார்.

"எது? சொல்லுங்க" என்று கேட்டார் சென்னைக்காரர். உதவியாளர் மறுபடியும் என்னைப் பார்த்தார். சென்னைக்காரர் நோட்டை மூடிவிட்டார். தனியே அனுப்ப இயலாது, மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கலாம், அதுவே கடைசி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் மனதுக்குள் வாசித்திருந்த எண்ணும் நாற்பத்தாறுதான்.

படகோட்டிக்கு அறுபதை ஒட்டிய வயது. அவருக்கும் உதவியாளரின் ஊர்தான். திரும்பி வரும்போது அவர்தான் பேச்செடுத்தார். "என்னலே, சார் மூஞ்சியிலயா நம்பர் எழுதியிருக்கு?"

"சும்மா கெடங்க மாமா."

"நான் அவன மட்டும் சொல்லல சார்" என்று என்னிடம் திரும்பினார். "எத்தன வருசமா பாக்கேன். நீங்க வாயத் தொறந்தா இவன் கண்ண மூடிக்கிடுதான்."

அன்று அலுவலகத்தில் பழைய படிவங்களை எடுத்துப் பார்த்தேன். நான்கு வருடத்துப் படிவங்கள். எல்லாம் அவர் கையெழுத்து, எல்லாம் என் எண்கள். அவர் தானாக வாசித்த ஓர் எண்கூட அவற்றில் இல்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நானே முந்திச் சொல்லியிருக்கிறேன். அதற்குக் கற்றுக்கொடுப்பது என்றும் பெயர் வைத்திருந்தேன்.

அடுத்த கப்பலிலிருந்து முறையை மாற்றினேன். ஆளுக்கொரு சீட்டு. யாரும் வாய் திறக்கக் கூடாது. எழுதி மடித்துப் படகோட்டியிடம் கொடுக்க வேண்டும். அவர் தன் சோற்று டப்பாவின் மூடியில் இரண்டையும் வைத்துப் பிரித்து வாசிப்பார். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் இருவரும் மறுபடி பார்க்க வேண்டும். முதலில் பேச வேண்டியவர் உதவியாளர்.

தொடக்கத்தில் அவர் என் பேனா அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதினேன். பிறகு, நான் எழுதி முடிக்கும் வரை காத்திருக்கத் தொடங்கினார். அவர் கொடுத்த பிறகே நான் கொடுப்பது என்று வைத்துக்கொண்டோம். முதல் மாதம் அவர் எண்கள் பல இடங்களில் பிசகின. ஏன் பிசகின என்று அவரே சொல்லும்வரை நாக்கை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ஒரு கப்பலைச் சுற்ற முன்பைவிட இரு மடங்கு நேரம் ஆயிற்று. கப்பல் ஏஜென்டு ஆட்கள் போன் செய்து முணுமுணுத்தார்கள்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதத்தில் ஒரு கப்பல் வந்தது. கப்பலின் கடல் பக்கத்தில் படகு ஓரிடத்தில் நிற்க மறுத்தது. படகோட்டி சீட்டுகளைப் பிரித்தார்.

"சார் அம்பது. இவன் நாப்பத்தெட்டு."

உதவியாளரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தெட்டுதான் சார்" என்றார்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன். பெரிய அலை போன பெறகு ஒரு சின்ன அலை வருது சார். அது வரதுக்குள்ள நீங்க எழுதிட்டீங்க."

"உங்களுக்கு முதுகக் காட்டித்தானே உக்காந்திருந்தேன்?"

"பேனாவ மூடுற சத்தம் கேட்டுது சார்."

படகோட்டி சிரித்துவிட்டார். நான் மறுபடி பார்த்தேன். சின்ன அலை வந்தது. நாற்பத்தெட்டு. இருபது வருடப் பழக்கத்தில் நான் எத்தனை அலைகளுக்கு முன்னால் எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள இப்போது வழியும் இல்லை. படிவத்தில் நாற்பத்தெட்டு என்று எழுதச் சொன்னேன்.

இரண்டாவது சோதனைக்கு நான் படகில் ஏறவில்லை. நிலக்கரித் தூள் படிந்த துறைமேடையில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் படகு தெரியும், எண்கள் தெரியாது. படகு கப்பலின் மறுபக்கம் போனதும் அதுவும் தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

சென்னைக்காரர் முதலில் ஏணியேறி வந்தார். "ரெண்டு இடத்துல எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகல" என்றார். "ஒண்ணுல அவர் தப்பு. இன்னொண்ணுல நான் தப்பு. ரெண்டுலயும் திரும்பப் பாத்த பெறகுதான் பேசினார்."

சான்றில் சென்னைக்காரர் கையெழுத்துப் போட்டார். கீழே நான் போட்டேன். அடுத்த மாதம் உதவியாளர் வேறொரு துறைமுகத்துக்குத் தனிப் பொறுப்பில் போனார். கிளம்பும்போது என்னிடம் நன்றி என்றார். நான்கு வருடத்தில் மூன்று மாதத்துக்கு மட்டுமே அது எனக்குச் சேரும் என்பதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது வேறொருவர் என்னோடு வருகிறார். இன்னொரு கம்பெனியில் ஐந்து வருடம் வேலை பார்த்தவர். சென்ற வாரம் கப்பலின் முன்பக்கத்தில் அவர் எண்ணைத் தேடித் தடுமாறியபோது என் வாய் தானாகத் திறந்தது. பின்னால் படகோட்டி தன் சோற்று டப்பாவின் மூடியைப் பலகையில் ஒரு தட்டுத் தட்டினார்.

நான் வாயை மூடிக்கொண்டு, அலைகளை எண்ணத் தொடங்கினேன்.