பரமநாதனும் இருண்டுபோன டீவிகளும்

சாவகச்சேரிப் பரமநாதனைக் கண்டியில் இருக்கவிட்டது பேராதனைப் பல்கலைக்கழகப் பட்டமல்ல, வேலை. வேலையில்லாத யாழ்ப்பாணத்து இளந்தாரிக்கு 2008இல் கண்டியில் என்ன அலுவல் என்று பொலிஸ் கேட்டால் சொல்லப் பதில் கிடையாது. வடக்கிலிருந்து வந்து தங்கும் தமிழர் மாதாமாதம் பொலிஸில் தம் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அவன் அதற்காகப் பொலிஸ் வாசலை மிதித்ததே இல்லை. சார்ஜன்ட் ஒருவர் சைக்கிளில் வந்து, வீட்டுக்காரி பஸீஹா ராத்தா கொடுக்கும் பிளேன்டீயைக் குடித்துவிட்டு, இன்னும் இங்கேதானா என்று கேட்பார். இவன் "ஓம்" என்பான். அத்தோடு அந்த மாதப் பதிவு சரி.

கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவையில், அவனுடைய முதலாளி அம்பிகைபாகனின் கம்பனி செய்த இயங்குதளம் ஒரு ஹோட்டலின் டீவிகளை ஓட்டியது. ஒருமுறை அனுப்பிய படத்தை, கேட்ட அறைகளுக்கு மட்டும் பிரதியெடுத்துக் கொடுப்பது அதற்குள் இருந்த 'பிரிட்ஜ்' என்ற பகுதி. நாலைந்து நிமிடம் ஒழுங்காகக் கொடுக்கும். பிறகு எல்லா டீவியும் இருண்டுவிடும். திறப்புவிழாவில் அமைச்சரின் முகம் எல்லா அறையிலும் தெரியாவிட்டால் வேலையை மறந்துவிடு என்று அம்பிகைபாகன் சொல்லிவிட்டார். வடக்கே சண்டை உச்சத்தில் இருந்தது. அவருக்கோ அமைச்சரின் முகம்தான் கவலை.

பரமநாதன் ஹோட்டலிலேயே படுத்தெழும்பிக் கோளாறைப் பிடித்தான். இன்னும் படம் வேண்டுமா என்று இடைக்கிடை கேட்டால்தான் டீவி ஆமென்று சொல்லும். அங்கே கேட்பதற்கு ஒரு கருவியும் இல்லை. கேட்காததால் எந்த டீவியும் சொல்லவில்லை. சொல்லாததால் பிரிட்ஜ் எல்லாவற்றையும் வெட்டிவிட்டது. இப்படியும் ஒரு மடத்தனமா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்க ஆளில்லாவிட்டால் ஒருவரையும் வெட்டாதே, எல்லோருக்கும் கொடு என்று திருத்தி எழுதினான். அமைச்சர் குளியலறை டீவியில்கூட ஒரு மணித்தியாலம் பேசினார். வேலை தப்பியது.

சந்தோஷமாக அறைக்குத் திரும்பியவனைப் பொலிஸ் ஜீப் வாசலிலேயே ஏற்றிக்கொண்டது. சார்ஜன்ட் மாற்றலாகிப் போயிருந்தார். பதிவும் காலாவதியாகியிருந்தது.

பஸீஹா ராத்தா போன் பண்ண, அம்பிகைபாகன் விழுந்தடித்துக்கொண்டு வந்தார்.

"ஒருத்தரும் வந்து கேக்கேல்லை, சேர்," என்று இன்ஸ்பெக்டரிடம் பரமநாதன் சொன்னான்.

கேட்காவிட்டால் வந்து சொல்ல வாயில்லையா என்று அவர் சிங்களத்தில் கத்தினார். அமைச்சரை அறையறையாகக் காட்டியவன் இவன்தான் என்று அம்பிகைபாகன் கெஞ்சிய பிறகே விட்டார்கள்.

வெளியே வந்ததும் அம்பிகைபாகன் தன் பங்குக்குத் தொடங்கினார்.

"கேக்கேல்லை எண்டால் பேசாமல் இருக்கிறதே, தம்பி?"

பரமநாதனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"டீவிப் பெட்டியளுக்கு அந்தக் கரைச்சல் இனி இல்லை, சேர்," என்றான்.