உயிரோடு இருந்தவளின் அட்டை

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மலாக்காவில் சுகாதாரத் துறை அலுவலகம் ஒன்றில் என்னைத் தற்காலிகக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, எடுத்தார்கள். அந்த அறையில் மேசை போட்டு உட்கார்ந்த முதல் தமிழ்ப் பெண் நான்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். சிலர் பெருமையாகச் சொன்னார்கள், சிலர் புகாராகச் சொன்னார்கள்.

என்னை எடுத்தது ஒரே ஒரு வேலைக்காக. பினாங்கிலிருந்து மாற்றலாகி வந்த பெண் டாக்டர் ஒருவர் கையோடு ஒரு கேள்வியையும் கொண்டு வந்திருந்தார். சயரோகத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டு, பாதியில் கிளினிக்குக்கு வருவதை நிறுத்தியவர்கள் என்ன ஆனார்கள்? செத்துப்போனார்களா, தேறிவிட்டார்களா, ஊரை விட்டே போய்விட்டார்களா? கிளினிக் அட்டைகள் எங்களிடம் இருந்தன. இறப்புப் பதிவேடுகள் வேறோர் அலுவலகத்தில் இருந்தன. அவற்றைக் கேட்டு வாங்கி, அட்டையோடு ஒப்பிட்டு, எந்த ஆள் எந்த ஆள் என்று நான் இணைக்க வேண்டும்.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. எல்லாரிடமும் அடையாளக் கார்டு இருந்த காலம் அது. ஆனால் கிளினிக் அட்டைகள் பலவற்றில் அதன் எண்ணை எழுத யாருக்கும் பொறுமை இருந்திருக்கவில்லை. பெயரை நம்பவே முடியாது. என் பெயரையே மூன்று அலுவலகங்கள் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தன. சாவைப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்வார்கள். அங்கே இருக்கும் கான்ஸ்டபிள் தன் காதில் விழுந்தபடி பெயரை எழுதிக்கொள்வார். வயது, அழுதுகொண்டு வந்தவர் வாய்க்கு வந்தது.

அதனால் எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். கார்டு எண் ஒத்தால் இருவரும் ஒருவரே. எண் இல்லையென்றால் பெயர், வயது, முகவரி, தகப்பன் அல்லது புருஷன் பெயர் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஒன்று உதைத்தாலும் அட்டை 'தெரியவில்லை' என்ற கட்டுக்குப் போகும். அந்தக் கட்டு நாளுக்கு நாள் பெருத்தது.

பெரிய கிராணிக்கு அது பிடிக்கவில்லை. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து அந்த அலுவலகத்தை நடத்தி வந்தவர் அவர்.

"என்னம்மா இது, தெரியல தெரியலன்னு இவ்வளவு பெரிய கட்டு? பேரு ஒண்ணா இருக்கு, ஊரு ஒண்ணா இருக்கு. செத்தாச்சுன்னு போட்டு முடி லா."

"தெரியாததத் தெரிஞ்ச மாதிரி எப்படி எழுதுறது சார்?"

"செத்தவங்க எந்திரிச்சு வந்து உன்கிட்ட சண்டை போடப்போறாங்களா?"

மறுநாள் பார்க்கிறேன், என் கட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அவரே 'இறப்பு' என்று எழுதியிருந்தார். காஜா பெராங் கிராமத்தில் வசித்த ஒரு மலாக்கா செட்டிப் பெண்ணின் அட்டை. பதிவேட்டில் அதே பெயர் இருந்தது, அதே கம்போங் இருந்தது. ஆனால் வயதில் எட்டு வருடம் இடித்தது. புருஷன் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அட்டையை ஃபைலில் வைத்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே காஜா பெராங் போனேன்.

வாசலில் காய்ந்த மாவிலைத் தோரணம் தொங்கிய வீடு. மிளகாய் அரைத்த கையோடு ஒரு பெண் வெளியே வந்தார். பல தலைமுறையாக மலாக்காவிலேயே வாழ்ந்துவிட்ட செட்டிகள் வீட்டில் பேசுவது மலாய்தான், அதனால் மலாயிலேயே பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"நான்தான். என்ன வேணும்?"

வாயை அடக்கத் தெரியாத வயது. "அக்கா, நீங்க செத்துட்டதா எங்க ஆபீஸ்ல எழுதியிருக்கு" என்றேன்.

"சாபா மாத்தி?" யார் செத்தது என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. உடனே என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

செத்தது அவருடைய புருஷனின் அண்ணன் மனைவி. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இருவருக்கும் ஒரே பெயர். பெரியவர் பிரசவத்தில் போய்விட்டார். அதற்கும் சயரோகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

"அப்ப நீங்க ஏன் அக்கா கிளினிக்குக்கு வரல?"

"ஒரு ஹாஸ்டல்ல சமையல் செஞ்சேன். எனக்கு இந்த நோய்னு உங்க ஆபீஸ்ல யாரோ அங்க சொல்லிட்டாங்க. மறுநாளே வராதேன்னு அனுப்பிட்டாங்க. என் பேரு எனக்கு முன்னாடி நடந்து போயிடுச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே நான் வரல." பிறகு என் ஃபைலைக் காட்டினார். "இப்ப நீ வந்திருக்கே. பட்டப்பகல்ல, ஆபீஸ் ஃபைலோட. அந்த ஜன்னலைப் பாத்தியா? நாளைக்கு இந்தக் கம்போங் என்ன பேசும்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ஃபைலைக் கவிழ்த்து வைத்தேன். அவருடைய பெயரைக் காப்பாற்றப் போவதாக நினைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தவள், அந்தப் பெயரை ஃபைல் மேலட்டையில் பெரிய எழுத்தில் சுமந்துகொண்டு வந்திருந்தேன்.

புறப்படும்போது அவர் சொன்னார்: "உயிரோட இருக்கேன்னு எழுதிக்க. இருமல் இப்ப இல்லை, அதையும் எழுதிக்க. பேரு எழுதாதே."

அன்றே டாக்டரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். முதலில் என்னைத் திட்டினார், அது நியாயம்தான். பிறகு இருவரும் உட்கார்ந்து வேலையை மாற்றி அமைத்தோம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். ஆராய்ச்சித் தாளில் எண், வயது, வட்டாரம், நோய் விவரம் மட்டும். எந்த எண் யாருடையது என்பது ஒரே ஒரு நோட்டில், அது பூட்டிய டிராயரில். இனி ஃபைலோடு யார் வீட்டுக்கும் போவதில்லை. ஆளைத் தேடத்தான் வேண்டுமென்றால், குழந்தைகளைப் பார்க்க எல்லா வீட்டுக்கும் போகும் நர்ஸ் போவார், தனியாகப் பேசுவார், சம்மதம் கேட்பார். வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்.

ஒரு மாதம்கூட ஓடவில்லை. ஒரு கம்பெனி மேனேஜரிடமிருந்து கடிதம் வந்தது. தன் ஆட்களில் யார் யார் பெயர் கிளினிக் பட்டியலில் இருக்கிறது என்று கேட்டிருந்தார்.

"நோட்டை எடும்மா" என்றார் பெரிய கிராணி.

"எதுக்கு சார்?"

"நல்லதுக்குத்தானே கேக்குறாங்க. மத்தவங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதுல்ல?"

"ஆராய்ச்சிக்குன்னு எடுத்த பேரு சார். வேற எதுக்கும் கொடுக்க முடியாது."

அவர் எழுந்து என் மேசைக்கு வந்தார். "நீ டெம்பரரி. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். டெம்பரரியும் முடியாதுன்னு சொல்லலாம்."

"நாட்டுக்கு மெர்டேக்கா வந்தா கிராணிக்கும் வந்துடுச்சுன்னு நினைப்பா?"

"ஆமா சார்" என்றேன்.

சாவியை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். அவர் உடனே என் பக்கம் சாய்ந்துவிடவில்லை. அந்தக் கம்பெனி பெரியது, கேட்டவர் செல்வாக்குள்ளவர். கடிதத்தை மறுபடியும் படித்துவிட்டு, "நானே கொடு என்று சொன்னால்?" என்று கேட்டார்.

"எதற்காகக் கொடுக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் டாக்டர். அந்தப் பட்டியலை நகல் எடுக்க வேறு ஆளைப் பாருங்கள்."

அவர் கை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, கம்பெனிக்கு அவரே பதில் எழுதினார். விரும்புகிறவர்கள் தாங்களாகவே கிளினிக்குக்கு வரலாம், எப்போதும் பரிசோதிப்போம், பட்டியல் மட்டும் தர இயலாது. கடிதம் அவ்வளவுதான்.

ஆராய்ச்சி முடிந்தது. 'தெரியவில்லை' என்ற பத்தியை டாக்டர் மறைக்கவில்லை, அது எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரியதாகவே அறிக்கையில் போட்டார். என் வேலை மட்டும் நீடிக்கவில்லை. ஆள் தேவையில்லை என்று இரண்டு வரியில் தாள் கொடுத்தார் பெரிய கிராணி. வீட்டில் அம்மா ஒரு வாரம் புலம்பினார். "ஒரு நோட்டுக்காக யாராவது கவர்மெண்ட் வேலையை விடுவாங்களா?"

"நான் விடலம்மா. அவங்கதான் அனுப்பினாங்க" என்று ஒவ்வொரு தடவையும் திருத்தினேன்.

ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தேன். ஒருநாள் அந்தக் காஜா பெராங் அக்கா அங்கே வந்தார். அவரும் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, நானும் காட்டிக்கொள்ளவில்லை. பாத்தேக் துணி இரண்டை வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து நடந்து போனார்.

அடுத்த வருடம் பெரிய கிராணி ஓய்வு பெற்றார். டாக்டர் இன்னோர் ஆராய்ச்சி தொடங்குவதாகவும், நான் திரும்பி வர முடியுமா என்றும் கேட்டு ஆள் அனுப்பினார். வருகிறேன் என்று உடனே சொல்லவில்லை. பெயர்களைத் தனியே பூட்டி வைக்க வேண்டும், சம்மதம் கேட்காமல் யாரையும் தேடிப் போகக் கூடாது, தெரியாததைத் தெரியாது என்றே எழுத விட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினேன். வேலை கேட்கிறவள் நிபந்தனை போடுகிறாளே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

நான்கு நாளில் தாள் திரும்பி வந்தது. கீழே டாக்டரின் கையெழுத்து இருந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.