இரட்டைப்பனை 1984

பூவனலிங்கத்துக்கு எதைப் பார்த்தாலும் தன் தீப்பெட்டி லேபிளின் பெயரைப் போட்டுவிட வேண்டும். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிற மனுஷன்தான், அதற்காக இப்படியா? வாசல் கேட்டில் இரட்டைப்பனை, ஸ்கூட்டர் முகப்பில் இரட்டைப்பனை, மகள் விஜி பள்ளிக்கூடம் கொண்டுபோன தூக்குச்சட்டியிலும் இரட்டைப்பனை. அடுத்தவர் ஆபீஸில் பெட்டிக்கட்டுச் சுமந்து திரிந்தவர் சொந்த லேபிள் போட்டது 1984இல். அந்த வருஷத்தையும் பெட்டியில் அச்சடித்திருந்தார்.

2009இல் வீட்டுக்கு ஒயர்லெஸ் மோடம் வந்தது. மாட்ட வந்தவர், கனெக்‌ஷனுக்கு என்ன பெயர் என்று கேட்டார்.

"இரட்டைப்பனை."

"பாஸ்வேர்டு?"

"அதேதான். பின்னால நம்ம வருஷத்தச் சேத்துக்கிடுங்க" என்று பெட்டியை எடுத்து நீட்டினார். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

வினை ஆவணியில் வந்தது. விஜிக்குப் பெங்களூர் மாப்பிள்ளை பேசி, பூ வைக்க நாளும் குறித்தாயிற்று. மாப்பிள்ளையின் அண்ணன் மாரிராஜ் போன் செய்தான்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. பொண்ணுக்கு வேற எடத்துல பழக்கம்னு மொட்டை மெயில் ஒண்ணு வந்திருக்கு. அன்னைக்கு நீங்க ஜாதகம் அனுப்புன மெயிலும் இதுவும் ஒரே கனெக்‌ஷன்லருந்துதான் வந்திருக்கு, மெயில்ல இருக்கிற நம்பர வச்சுப் பாத்துட்டேன். பிள்ளைக்கு இஷ்டமான்னு கேட்டுச் சொல்லுங்க."

இரண்டு நாள் பூவனலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீஸுக்குப் போவார், அரைமணியில் திரும்புவார். வாசலுக்கும் முற்றத்துக்கும் நடந்து நடந்து கால் கடுத்தது. விஜி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலே பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் வெடித்துவிட்டார்.

"ஏட்டி, பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? ஊர் சிரிக்க நீயே மொட்டை மெயில் போடுவியா?"

விஜிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் செத்துப்போயிற்று.

"நான் போடலப்பா."

"பின்ன யாரு? நானா, உங்கம்மையா?"

அவள் கம்ப்யூட்டரில் மோடத்தின் பக்கத்தைத் திறந்தாள்.

"இங்கன பாருங்க. நம்ம கனெக்‌ஷன்ல இப்ப இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் இதுல தெரியும். நம்ம வீட்டுல எத்தன?"

"ஒண்ணு."

"இதுல எண்ணுங்க."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினார். மூன்று இருந்தது.

"அதெப்படி? பாஸ்வேர்டுதான் இருக்குல்லா!"

விஜி அவர் சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "தெருவுல யார் வீட்டு அடுப்படியில இது இல்ல?"

அட மடையா என்று தன்னையே வைதுகொண்டார். விஜி பாஸ்வேர்டை மாற்றியதும் அந்த இரண்டும் பட்டியலிலிருந்து போய்விட்டன. மெயில் போட்ட புண்ணியவான் யார் என்பது இன்றுவரை தெரியாது.

போனில் விஷயத்தைச் சொன்னார். மாரிராஜுக்கு உடனே புரிந்தது. மன்னிப்புக் கேட்டு, குறித்த நாளில் வருவதாகவும் சொன்னான். பூவனலிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அவியளே நம்பிட்டாவட்டி" என்று சிரித்தபடி வந்தார்.

விஜி சிரிக்கவில்லை. "அவிய என்னப் பாத்ததே ஒருக்காதான். சந்தேகப்பட்டாலும் இஷ்டமான்னு கேக்கச் சொன்னாவ. இருபத்திரண்டு வருஷமாப் பாக்குதீங்க, நீங்க கேட்டீங்களாப்பா?"

பூவனலிங்கத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து, மறுபடியும் வாசலுக்கும் முற்றத்துக்குமாக நடக்க ஆரம்பித்தார்.